வெளிக்கதவு வைத்த அறை

கொளஞ்சிநாதன் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். அடுத்து, வேலைக்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றும் ஒரு கேள்வியைக் கேட்பார். "காலையில மொதல்ல எந்தக் கதவத் தொறப்பீங்க?" "மழை பேஞ்சா துணிய எங்க காயப்போடுவீங்க?" எங்கள் வீட்டுச் சமையலறை மேடையை உயர்த்தித் தர வந்தபோது என் மனைவியிடம் கேட்டது இது: "பால் பொங்கறப்ப நீங்க எங்க நின்னுகினு இருப்பீங்கம்மா?" அவள் யோசித்துவிட்டு, ஹாலில், டிவி பக்கம் என்றாள். அவர் சிரிக்கவில்லை. ஹாலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்துக்கு அடுப்பை மாற்றினார்.

அவருக்கு ஊர் முத்தாண்டிக்குப்பம். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலியாக இரண்டு வருஷம், கொத்தனாராகப் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு, ஆறு பேரை வைத்துக்கொண்டு தானே வேலை எடுத்துச் செய்ய ஆரம்பித்தார். புது வீடு கட்ட மாட்டார். பழைய வீட்டைத் திருத்துவது மட்டும்தான். நெய்வேலியில் அதற்குக் குறைவே இல்லை. பெர்மனென்ட் வேலையில் இருந்தவர்கள் ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, டவுன்ஷிப்புக்கு வெளியே எப்போதோ கட்டி வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்குப் போவார்கள். போன மறுநாளே அந்த வீட்டில் எதுவும் சரியில்லை என்று தெரியவரும். கொளஞ்சிநாதனுக்குப் போன் வரும்.

2020 மார்ச் கடைசியில் அந்தப் போன் நின்றது. மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து ஊர் திரும்பியவர்களோடு நோயும் வந்து, கடலூர் மாவட்டத்தில் தெருத்தெருவாகத் தகரம் வைத்து அடைத்தார்கள். கட்டட வேலை செய்யலாம் என்று அரசாங்கம் சொன்ன பிறகும் யாரும் கூப்பிடவில்லை. ஆறு வெளியாட்களைச் சமையலறைக்குள் விட எந்த வீட்டுக்குத்தான் துணிச்சல் வரும்? அவருடைய மனைவி கனகம் வேலை பார்த்த முந்திரிக் கம்பெனியும் மூடிக் கிடந்தது. இருவரும் பகலில் சும்மா உட்கார்ந்திருந்த முதல் கோடைக்காலம் அதுதான் என்று கனகம் சொன்னார்.

ஜூன் முதல் வாரத்தில் சிவக்குமார் என்பவர் போன் செய்தார். சுரங்கத்தில் ஷிஃப்ட் வேலை. வீடு இந்திரா நகரில். போனில் விவரம் சொல்லவில்லை, வந்து பாருங்கள் என்றார்.

கொளஞ்சிநாதன் போனபோது கேட் சும்மா சாத்தியிருந்தது. சிவக்குமார் மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு தார்ப்பாய்க் கொட்டகை. அதற்குள் கட்டில், கொசுவலை, கயிற்றில் யூனிஃபார்ம். கீழே ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் உருவம் தெரிந்தது.

"அது புவனா, என் வொய்ஃப்," என்று மாடியிலிருந்து குனிந்து சொன்னார் சிவக்குமார். "ரெண்டு வருஷம் முன்னாடி கிட்னி மாத்தின கேஸ். அவங்கம்மா கொடுத்தாங்க. வெச்ச கிட்னிய உடம்பு தள்ளிடக் கூடாதுன்னு தினம் மாத்திரை. அந்த மாத்திரையால எதிர்ப்பு சக்தியே இருக்காது. நான் ஷிஃப்ட்ல நூறு பேரோட பஸ்ல போயிட்டு வர்றேன். அதான் ஏப்ரல்லேர்ந்து மாடியிலதான் படுக்கை. குளியல் அந்த வெளிக்குழாயில."

"மழை வந்தா சார்?"

"அதுக்குத்தான் உங்கள கூப்பிட்டேன். பின்னாடி ஸ்டோர் ரூம் இருக்கு. அத தனி ரூமா ஆக்கணும். வெளியிலேர்ந்து கதவு, உள்ளயே பாத்ரூம். ஆனா உங்க ஆளு யாரும் வீட்டுக்குள்ள ஒரு அடி வெக்கக் கூடாது."

"வூட்டுக்குள்ள போவாம வூட்டு வேலையா?" என்று கேட்டுவிட்டார் கொளஞ்சிநாதன். கேட்ட மறுகணமே வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தார். ஸ்டோர் ரூமுக்குத் தோட்டத்தைப் பார்த்து ஒரு ஜன்னல் இருந்தது. பக்கவாட்டுச் சுவர் வெறும் சுவர். அதைத் தட்டிப் பார்த்தார். செங்கல் சுவர்தான், வெளியிலிருந்தே கதவுக்கு வெட்டலாம். உள் அளவு மட்டும் வேண்டும்.

உள் அளவைப் புவனா எடுத்துக் கொடுத்தார். வீடியோ காலில் கொளஞ்சிநாதன் கேட்கக் கேட்க, தையல் டேப்பை வைத்து அளந்து சொன்னார். சுவரின் நீளம் இருநூற்று நாற்பது என்று வந்தது.

"இருநூத்தி நாப்பது இஞ்ச்சுன்னா இருவது அடிங்கம்மா. வூடே அவ்ளோ இல்லியே?"

புவனா டேப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சென்டிமீட்டர் பக்கம் அளந்திருந்தார். அறை எட்டுக்குப் பத்து.

வேலைக்கு நாள் குறித்த பிறகு சிவக்குமாரிடமிருந்து மறுபடி போன் வந்தது. புவனாவின் டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னார்களாம். கொரோனா ஒரு பக்கம் இருக்கட்டும், பழைய சுவரை உடைத்தால் கிளம்பும் தூசியிலும் பூஞ்சை இருக்கும், அது புவனாவின் நுரையீரலுக்கு ஆகவே ஆகாது என்றாராம். "விட்ருங்க, மாடியிலயே இருந்துக்கறேன்," என்றார் சிவக்குமார்.

"ரெண்டு நாள் குடுங்க சார். யோசிச்சுச் சொல்றேன்."

வேலை போகிறதே என்ற கவலையைவிட அவரை அதிகம் அரித்தது வேறு ஒன்று. முப்பது வருஷமாகச் சுவர் உடைக்கிறார். தூசி எங்கே போகிறது என்று ஒரு தரம்கூடக் கவனித்ததில்லை. இதைச் சாப்பிடும்போது கனகத்திடம் சொன்னார்.

கனகம் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "கொட்டை வறுக்கற புகை தெரியுமா உங்களுக்கு? கண்ணுல பட்டா மொளகா மாதிரி எரியும். காத்து அடிக்கற நாள்ல எதிர்ப்பக்கமா ஒக்காந்துக்குவோம். காத்தே இல்லாத நாள்ல ஓனரு செவுத்துல பெரிய ஃபேன் ஓட வுடுவாரு. எங்கள பாத்து இல்ல. வெளிய பாத்து. புகைய அது இழுத்துகினு போயிடும், நாங்க நிம்மதியா உரிச்சிகினு இருப்போம்."

"தள்ளாது, இழுக்கும்?"

"ஆமா. தள்ளுனா அது எங்க வேணா போவும். இழுத்தா ஒரு பக்கமாத்தான் போவும்."

அன்றைக்கே அவர் தங்கள் வீட்டு அறையில் டேபிள் ஃபேனை ஜன்னலில் வெளியே பார்த்துத் திருப்பி வைத்து, ஊதுபத்தியோடு மூலைக்கு மூலை நடந்தார். மறுநாள் இந்திரா நகருக்கு ஒரு பழைய எக்ஸாஸ்ட் ஃபேனோடு போனார். சிவக்குமார் அதற்குள் முகமூடி போட்டு ஸ்டோர் ரூமைக் காலி செய்து வைத்திருந்தார். கொளஞ்சிநாதன் ஜன்னல் கம்பியில் ஃபேனைக் கட்டி ஓட விட்டார். புவனா ஹால் பக்கம், மூடிய உள்கதவுக்கு முன்னால், ஊதுபத்தியும் போனுமாக உட்கார்ந்தார்.

"புகை எந்தப் பக்கம் சாயுதுங்கம்மா?"

"நேரா மேலதான் போகுது."

"கதவுக்கு அடியில, அந்த சந்துகிட்ட கொண்டாந்து காட்டுங்க."

"இப்பவும் நேராத்தான் போகுது அண்ணா. லேசா என் பக்கம் வர்ற மாதிரிகூட இருக்கு."

ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கொளஞ்சிநாதனுக்குப் புரியவில்லை. கம்பிக்கு வெளியே நின்று தானும் ஒரு ஊதுபத்தியை ஏற்றி ஃபேனைச் சுற்றிக் காட்டினார். ஃபேன் வெளியே தள்ளிய புகை, ஃபேனுக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நடுவிலிருந்த இடைவெளி வழியாக அப்படியே திரும்பி உள்ளே போயிற்று. ஃபேன், தான் வெளியே விட்ட காற்றையே மறுபடி மறுபடி இழுத்துக்கொண்டிருந்தது.

ப்ளைவுட் பலகையை ஜன்னல் அளவுக்கு அறுத்து, நடுவில் ஃபேனுக்கு மட்டும் வட்டம் வெட்டி, ஓரமெல்லாம் டேப் ஒட்டினார். மறுபடி ஃபேன் ஓடியது.

"அண்ணா!" போனில் புவனாவின் குரல் உயர்ந்தது. "புகை படுத்துக்கிட்டுப் போகுது! கதவுக்கு அடியில அப்படியே நுழையுது! என் பக்கம் ஒண்ணுமே இல்ல!"

மாடியிலிருந்து சிவக்குமார் எட்டிப் பார்த்து, "என்ன ஆச்சு?" என்று கத்தினார். கொளஞ்சிநாதனும் புவனாவும் இன்னொரு ஊதுபத்தி ஏற்றி மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டரிடம் இதையும் சொல்லிக் கேட்டார்கள். சுவரை நனைத்து நனைத்து உடைப்பது, உடைக்கும் நேரத்தில் புவனா தெருப்பக்க அறையில் கதவைச் சாத்திக்கொள்வது என்று இரண்டு நிபந்தனைகளோடு அவர் சரி என்றார். கொளஞ்சிநாதன் பலகையையும் ஜன்னல் கம்பியையும் கழற்றி அந்த வழியாகவே ஸ்டோர் ரூமுக்குள் இறங்கி, மூடிய உள்கதவின் மேல் பெரிய பிளாஸ்டிக் ஷீட் ஒன்றை ஒட்டிவிட்டு வந்து பலகையைத் திரும்பப் பொருத்தினார். ஃபேன் ஓடும்வரை அது அறைக்குள் படகுப் பாய் மாதிரி உப்பி நிற்கும். உப்பி நின்றால் வேலை. தொங்கினால் உளியைக் கீழே வைக்க வேண்டும். ஊருக்கெல்லாம் கரண்ட் தயாரித்து அனுப்புகிற இடம்தான், ஆனால் டவுன்ஷிப் காம்பவுண்டுக்கு வெளியே அடிக்கடி கரண்ட் நிற்கும். ஷீட் தொங்கியதும் இருவரும் தோட்டத்தில் போய் உட்கார்ந்துவிடுவார்கள்.

இருவர் என்றால் கொளஞ்சிநாதனும் கனகமும்தான். ஆறு வீட்டிலிருந்து ஆறு பேர் வருவதைவிட ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் வருவது மேல் என்று கொளஞ்சிநாதன்தான் முடிவு செய்தார். கனகம் கல்யாணத்துக்கு முன் சித்தாளாகக் கலவை சுமந்தவர். இருபது வருஷத்துக்குப் பிறகு மறுபடி சட்டிக் கலவையைத் தூக்கியபோது, முதல் நாளே தோள் இறங்கிவிட்டது என்று சொல்லிச் சிரித்தார்.

கதவு வெட்டி, நிலை நிறுத்தி, பாத்ரூமுக்கு அரைச்செங்கல் சுவர் எழுப்பி, குழாய் பதிக்கப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அடுத்தது டைல்ஸ். அது காடாம்புலியூரில் இருந்த கனகத்தின் தம்பி செல்வகுமாரின் வேலை. அவன் தெருவை அந்த வாரம்தான் அடைத்திருந்தார்கள். கொளஞ்சிநாதனுக்குப் பூச்சு வேலை வரும், டைல்ஸ் வராது. ஒட்டினால் ஒன்று மேடாகவும் ஒன்று பள்ளமாகவும் நிற்கும். செல்வகுமார் வீடியோவில் சொல்லச் சொல்ல அவர் ஒட்டிய நான்கு டைல்ஸைக் கனகம் விரலால் தடவிப் பார்த்தார்.

"இது ரெண்டும் சேரல. இங்க நகம் மாட்டுது பாருங்க."

"கண்ணுக்குத் தெரியலியே?"

"எனக்கும் தெரியல. வெரலுக்குத் தெரியுது."

முந்திரிப் பருப்பின் மேல் தோலைப் பருப்பு உடையாமல் உரிக்கிற வேலையை அவர் பதினெட்டு வருஷம் செய்திருந்தார். காகிதம் மாதிரி இருக்கும் அந்தத் தோல் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. "அக்காகிட்ட குடு மாமா," என்றான் செல்வகுமார் போனிலிருந்து. கனகம் கரணையை வாங்கிக்கொண்டார்.

சுவர் டைல்ஸ் மூன்று நாளில் முடிந்தது. செல்வகுமார் போனைக் கிட்டக் கொண்டு வரச் சொல்லி ஒவ்வொரு ஜாயிண்ட்டாகப் பார்த்துவிட்டு, குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல், மூலை டைல்ஸை இன்னும் கொஞ்சம் சின்னதாக அறுத்திருக்கலாம் என்றான். தரையும் ஒரே நாளில் முடிந்தது. காய்ந்த பிறகு கனகம் ஒரு பக்கெட் தண்ணீரைத் தரையில் ஊற்றினார்.

அப்போது போன் அடித்தது. இந்தப் பதினைந்து, இருபது நாளில் புவனாவும் கனகமும் அடிக்கடி பேச ஆரம்பித்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. வெளியே கேட்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் புவனா காரணம் கேட்பார், கனகம் சொல்வார். உளிச் சத்தம், ரப்பர் சுத்தியல் சத்தம், டைல்ஸ் அறுக்கிற சத்தம் என்று எல்லாவற்றையும் பிரித்துச் சொல்லும் அளவுக்குப் புவனா தேறியிருந்தார்.

"கனகம் அக்கா, தண்ணி ஊத்துனீங்களா?"

"ஆமாம்மா. ஏன்?"

"ஊத்துன சத்தம் கேட்டுச்சு. குழாயில இறங்கற சத்தம் கேக்கலையே?"

கனகம் திரும்பிப் பார்த்தார். தண்ணீர் கதவு மூலையில் குளம் கட்டி நின்றது. டைல்ஸ் ஒன்றோடொன்று கண்ணாடி மாதிரி சேர்ந்திருந்தன. வாட்டம்தான் எதிர்ப்பக்கமாக இருந்தது. தண்ணீர் ஓட வேண்டிய துளையைவிடக் கதவோரம் தாழ்ந்து கிடந்தது. விரலுக்கு மேடு பள்ளம் தெரியும், சரிவு தெரியாது என்பது கனகத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கொளஞ்சிநாதன் உளியை எடுத்தார். "வெலகு, நான் பாத்துக்கறேன்."

"நான் ஒட்டுனது. நானே ஒடைக்கறேன்," என்றார் கனகம். ஒன்பது டைல்ஸை உடைத்து எடுத்தார். கொளஞ்சிநாதன் அவருக்கு ரசமட்டத்தில் குமிழி எங்கே நிற்க வேண்டும், நூல் கட்டி வாட்டம் எப்படிப் பிடிப்பது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டினார். மறுநாள் இரண்டாவது தடவை தண்ணீர் ஊற்றும் முன் கனகமே புவனாவுக்குப் போன் போட்டார். "கேட்டுகினு இரும்மா." ஊற்றினார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து புவனா, "இறங்குது, இறங்குது," என்றார்.

வேலை முடிந்த நாள், உள்கதவின் ஓரமெல்லாம் அடைத்து, எக்ஸாஸ்ட் ஃபேனை ஜன்னலிலேயே நிலையாகப் பொருத்திக் கொடுத்தார் கொளஞ்சிநாதன். சிவக்குமார் மாடியிலிருந்து கட்டிலை இறக்கிப் புது அறையில் போட்டார். கனகம் வீட்டைச் சுற்றி முன்பக்கம் வந்து, ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்றார். உள்ளே புவனா. இருவருமே முகமூடி போட்டிருந்தார்கள்.

"இவ்ளோ சின்னப் பொண்ணா நீ? போன்ல பெரிய மனுஷி மாதிரி பேசுன?"

"நீங்க ரொம்ப ஒசரமா இருப்பீங்கன்னு நெனச்சேன் அக்கா," என்றார் புவனா.

அடுத்த வருஷம் மே மாதம், இரண்டாவது அலையில், சிவக்குமாருக்கு நோய் வந்தது. பதினாறு நாள் அந்த அறையில்தான் இருந்தார். சாப்பாட்டைப் புவனா தெருப்பக்கம் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துச் சென்று வெளிக்கதவு அருகே வைப்பார். ஒரு நாள் ஆக்சிஜன் தொண்ணூற்று இரண்டுக்கு இறங்கி, மறுநாள் தானே ஏறியது. கொளஞ்சிநாதன் தினமும் சாயங்காலம் போன் செய்தார். நோயாளியிடம் என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியாது. "ஃபேன் ஓடுதா சார்? வெளிய பாத்துதான ஓடுது?" என்று கேட்பார். ஓடுது என்பார் சிவக்குமார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்தப் பதினாறு நாளும் தான் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் என்னிடம் சொன்னார். உள்கதவின் ஓரத்தில் எங்காவது ஒரு இடைவெளியை அடைக்காமல் விட்டுவிட்டோமோ என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்தக் கதவை மனசுக்குள் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். புவனாவுக்கு நோய் வரவில்லை. அது அறையாலா, அதிர்ஷ்டத்தாலா என்று கேட்டேன். "அத யாரு சார் சொல்ல முடியும்? ஆனா கேக்க வேண்டிய கேள்விதான்," என்றார்.

சிவக்குமார் சொல்லித்தான் மற்றவர்கள் வந்தார்கள். 2022 முடிவதற்குள் இப்படி வெளிக்கதவு வைத்த அறைகளைப் பதினான்கு வீடுகளில் கட்டினார்கள். எல்லாவற்றிலும் டைல்ஸ் கனகம்தான். முந்திரிக் கம்பெனி திறந்த பிறகும் அவர் திரும்பிப் போகவில்லை. ஒரு வீட்டில், "லேடீஸ் எல்லாம் டைல்ஸ் போடுவாங்களா?" என்று கேட்டவரிடம், "செருப்பக் கழட்டிட்டு வெறுங்கால்ல நடந்து பாருங்க சார். எங்கயாவது தட்டுனா சொல்லுங்க," என்றாராம். அவர் நிஜமாகவே செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார்.

நோய் போய்விட்டது, அந்த அறைகள் என்ன ஆகின என்பது இப்போது கொளஞ்சிநாதனின் புதுக் கேள்வி. வழியில் அந்த வீடுகள் வந்தால் வண்டியை நிறுத்திக் கேட்டுவிட்டுத்தான் போவார். ஒரு வீட்டில் அது டியூஷன் அறை. ஒரு வீட்டில் வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். இரண்டு வீட்டில் பூட்டுத் தொங்குகிறது. சிவக்குமார் வீட்டில் புவனா அதில் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறார். துணி கொடுக்க வருகிறவர்கள் வெளிக்கதவோடு நின்றுவிடலாம்.

போன மாதம் வடக்குத்து ஊரில் ராஜாங்கம் என்பவர் வீட்டுக்குப் போனார்கள். சுரங்கத்தில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். 2021-இல் இருமலோடு இவர்கள் கட்டித் தந்த வெளி அறைக்குப் போனவர், இருமல் நின்ற பிறகும் உள்ளே திரும்பவில்லை. நான்கு வருஷமாக அங்கேதான் படுக்கை.

"சண்டையா சார்?" என்று நேராகவே கேட்டார் கொளஞ்சிநாதன்.

"சண்டையெல்லாம் இல்லப்பா. எனக்கு ஃபேன் வேகமா ஓடணும், அவளுக்கு ஓடவே கூடாது. முப்பத்தாறு வருஷம் ரெண்டு பேருமே சரியாத் தூங்கல. இப்பத்தான் தூங்கறோம்." இப்போது அறையில் ஒரு சின்ன அடுப்பு மேடை வேண்டும் என்றார். காலையில் டீ போட.

அவர் மனைவி மாணிக்கம்மாள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "மேடைய அவரு ஒசரத்துக்கு வெச்சிடாதீங்க தம்பி. அவருக்குத் தண்ணி கொதிக்க வெக்கவே தெரியாது. நான்தான் வந்து போடணும்."

கொளஞ்சிநாதன் கனகத்தைப் பார்த்தார். கனகம் பையிலிருந்து டேப்பை எடுத்து, மாணிக்கம்மாளை அறைக்குள் கூப்பிட்டு நிற்கவைத்து, தரையிலிருந்து அவர் முழங்கை வரைக்கும் அளந்தார்.